மலைமேடையில் பேஸ் கிட்டார்: ரிவர்ஸ்டன் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

நான்கு தந்தி பேஸ் கிட்டாரில் மிகத் தடித்த தந்தியான 'ஈ' நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஏ, டி, ஜி தந்திகளின் அதிர்வெண்கள் முறையே 55, 73, 98 ஹெர்ட்ஸ். ஐந்தாவது தந்தி சேர்ந்தால் எல்லை 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். 41 ஹெர்ட்ஸ் ஒலியலை ஒன்றின் நீளம் எட்டு மீட்டருக்கும் சற்று அதிகம். சிறிய மேடையொன்றின் அகலத்தை அந்த ஒற்றை அலையே மிஞ்சிவிடும். இவ்வளவு நீண்ட அலையைக் கிளப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும்; அதற்குப் பெரிய ஒலிபெருக்கியும் கூடிய மின்வலுவும் வேண்டும். மனிதக் காதோ தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தமானது. ஒரே உரப்பாகக் கேட்க வேண்டுமானால் தாழ்ந்த சுரத்துக்கு நடுச்சுரத்தைவிடப் பன்மடங்கு வலு கொடுக்க வேண்டும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட அளவீடுகள் காட்டின. இசைக்குழுவில் அதிக வலுவைச் செலவிட்டும் பேஸ் வாசிப்பவரே குறைவாகக் கேட்கப்படுவதற்குக் காரணம் இதுதான்.

சமதரையில் சுவர்களும் கூரையும் உள்ள மண்டபத்தில் இந்தக் குறை ஓரளவு தானாகவே சரியாகிவிடுகிறது. மலையில் அப்படியில்லை. மாத்தளை நகரிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் வீதி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரத்தில் ஆயிரம் மீட்டர் அளவு உயர்கிறது. கொண்டையூசி வளைவுகள், மூடுபனி, நினைத்த நேரத்தில் இறங்கும் மழை, உச்சியருகே உள்ள கணவாயில் ஆளையே தள்ளும் காற்று ஆகியவை இங்கு அன்றாடம். மேற்குச் சரிவு ஈரம் மிக்கது. கணவாயைக் கடந்து இலுக்கும்புர, பிட்டவல பத்தன பக்கம் இறங்கினால் காற்று உலர்ந்துவிடும். ஒரே நாளில் ஒரே வீதியில் ஓர் இசைக்கருவி இரண்டு காலநிலைகளைப் பார்த்துவிடுகிறது.

ரிவர்ஸ்டன் உச்சி அமைந்துள்ள நக்கிள்ஸ் மலைத்தொடர் பாதுகாக்கப்பட்ட காடு. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்ற இலங்கை மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. காட்டுக்குள் ஒலிபெருக்கிக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. இக்கட்டுரை பேசும் மேடைகள் காட்டுக்கு வெளியே உள்ளவை: ரத்தோட்டைப் பக்கத்துக் கல்யாண வீடுகள், விடுதி முற்றங்கள், பாடசாலை மைதானங்கள், தோட்டக் கோயில் திருவிழாக்கள், மாத்தளை நகர மண்டபங்கள். மாசி மகத்தை ஒட்டி மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலில் ஐந்து தேர்கள் ஓடும் திருவிழா இவ்வட்டாரத் தமிழர்களின் ஆண்டுப் பெருநாள். அந்தப் பருவத்தில் சுற்றுவட்டார இசைக்குழுக்களுக்கும் ஓய்விராது.

வாசிக்கப்படும் இசை

எந்தக் கருவி, எந்த ஒலி என்பதைப் பாட்டுதான் தீர்மானிக்க வேண்டும். இலங்கை மேடையில் ஒரே இரவில் மூன்று உலகங்கள் வந்து போகும். ஆறு-எட்டுத் தாளத்தில் துள்ளும் பைலாவில் பேஸின் வேலை மூலச்சுரத்தையும் ஐந்தாம் சுரத்தையும் மாறிமாறிக் குறுகத் தட்டி ஆட்டத்துக்குத் தரை போடுவது. 1971இல் தொடங்கிய ஜிப்சீஸ் போன்ற குழுக்கள் வளர்த்த இந்த நடையில் சுரம் நீண்டு தொங்கினால் ஆடுகிறவர்களின் கால் பின்னும். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பரப்பிய தமிழ்ப் பொப்பிசைக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

மூன்றாவதான திரைப்பாட்டு முற்றிலும் வேறு. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் தனக்கென ஓர் இணைமெட்டை எடுத்துக்கொண்டு பாடகரோடு உரையாடுகிறது. அவருடைய ஒலிப்பதிவுகளில் சசிதரன் வாசித்த பகுதிகளைக் கேட்டு வளர்ந்த ரசிகர், மேடையில் அந்த மெட்டு கேட்கவில்லையென்றால் பாட்டே குறைப்பட்டதாக உணர்வார். ஏ.ஆர். ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்த பேஸும் அப்படித்தான். வெறும் கனம் இந்தப் பாடல்களுக்குப் போதாது. ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகப் புரிய வேண்டும். தமிழ் மேடைக்குப் பேஸ் ஒலி அமைப்பவர் தெளிவை முதலில் வைத்து, கனத்தை அதன் பின்னால் சேர்ப்பதே சரி.

கருவியும் தந்தியும்

லியோ ஃபெண்டர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸும் 1960இல் வந்த ஜாஸ் பேஸும் இன்றைக்கும் எல்லா விலையிலும் கிடைக்கும் கருவிகளுக்கு முன்மாதிரிகள். இரண்டிலும் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். பிரிசிஷன் வகையில் 1957 முதல் இரண்டாகப் பிளந்த பிக்கப் உள்ளது. இரு பாதிகளும் ஒன்றின் இரைச்சலை மற்றது அழிக்கும்படி சுற்றப்பட்டவை. ஜாஸ் வகையில் இரண்டு தனிச்சுருள் பிக்கப்புகள். அவற்றின் வால்யூம் குமிழ்கள் இரண்டும் ஒரே அளவில் திறந்திருந்தால் மட்டுமே இரைச்சல் அழியும். ஒன்றைக் குறைத்தால் 'ங்ங்' என்ற முனகல் எட்டிப்பார்க்கும். மின்வசதி சந்தேகத்துக்குரிய மேடைகளில் பிரிசிஷன் வகை நிம்மதியானது. ஜாஸ் வைத்திருப்பவர் இரு குமிழ்களையும் முழுதாகத் திறந்து வாசிப்பது நல்லது.

ஒன்பது வோல்ட் பற்றரியில் இயங்கும் ஆக்டிவ் கருவிகள் ஒலியை அங்கேயே திருத்த வசதி தருகின்றன. ஆனால் ஜாக் செருகியிருக்கும்வரை பற்றரி கரைந்துகொண்டே இருக்கும். ஒத்திகை முடிந்து ஜாக்கைக் கழற்றாமல் சாப்பிடப் போனவரின் கருவி நிகழ்ச்சியின் நடுவில் கரகரத்து அடங்கும். புதிய பற்றரி ஒன்றை உறையில் வைத்திருப்பதும், பற்றரி இல்லாமல் பாஸிவாகவும் இயங்கச் சுவிட்ச் உள்ள கருவியைத் தேர்வதும் மலைப்பயணத்துக்கு ஏற்ற முன்யோசனை. ரத்தோட்டைக்கு மேலே இரவு ஒன்பது மணிக்குத் திறந்திருக்கும் கடையை நம்பக் கூடாது.

தந்திகளில் வட்டக்கம்பி சுற்றியவை பளிச்சென்று ஒலிக்கும். தட்டைக்கம்பி சுற்றியவை மந்தமாகவும் இதமாகவும் ஒலிக்கும். பைலாவுக்கும் பழைய பாடல்களுக்கும் தட்டைத் தந்தி மிக அழகு. ஆனால் திறந்தவெளியில் மேல்சுரச் சாயல்கள் காற்றோடு போய்விடுவதால், வெளிமேடைக்கு அதிகம் போகிறவருக்கு நிக்கல் பூசிய வட்டத் தந்தியே பொதுவாகப் பயன் தரும். வழக்கமான தடிமன் 45 முதல் 105 வரை. ஈரக்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் தந்தி விரைவில் துருப்பிடித்துச் செத்துப்போகும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பின்னும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்தியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்தால் அதன் ஆயுள் கணிசமாக நீளும்; செலவேயில்லாத பராமரிப்பு இதைவிட வேறில்லை.

மாத்தளைச் சூட்டில் சுருதி சேர்த்த கருவி மேலே போனதும் சுருதி ஏறியிருக்கும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை ஆறு பாகை அளவு குறையும். உருக்குத் தந்தி குளிரில் சுருங்கி இறுகுகிறது. மேடை விளக்கின் சூட்டிலும் விரல் சூட்டிலும் அது மீண்டும் தளரும். ஈரப்பதத்தின் மாற்றத்தால் கழுத்து மரமும் வளைந்து கொடுக்கும். அதைச் சரிசெய்யும் அலன் சாவி உறையிலேயே இருக்கட்டும். ஆனால் மேடைக்கு ஏறும் முன் அவசரத்தில் கழுத்தைத் திருகுவது வேண்டாத வேலை. வான் வண்டியிலிருந்து இறக்கிய கருவியை உடனே திறக்காமல் உறைக்குள்ளேயே அரைமணி நேரம் வைத்து அங்குள்ள குளிருக்குப் பழகவிட வேண்டும். பனியில் குளிர்ந்த கருவியைச் சூடான மண்டபத்துக்குள் கொண்டுவந்து சட்டென்று திறந்தால் உலோகப் பகுதிகளில் நீர் படியும். ஆம்புக்குள் அப்படிப் படிந்தால் விளைவு மோசமானது. சுருதி பார்க்கும் பெடல் கூட்டத்தின் இரைச்சலிலும் வேலை செய்யும். தந்தி மாற்றும்போது ஒலியையும் அடக்கி வைக்கும். மற்றப் பெடல்கள் பெரும்பாலும் ஆசைக்குத்தான்.

மின்சாரம்

மலைமேடையில் நேரும் கோளாறுகளில் பெரும்பகுதி மின்சாரத்திலிருந்து வருகிறது. ஆனாலும் கருவிக்கும் பெடலுக்கும் செலவிடும் அக்கறையில் பாதியைக்கூட இதற்கு யாரும் செலவிடுவதில்லை.

இலங்கை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பழைய கட்டடங்களில் வட்ட முனைச் செருகிகளும் புதியவற்றில் 13 ஆம்பியர் சதுர முனைச் செருகிகளும் இருப்பதால், இரண்டுக்கும் பொருந்தும் மாற்றியொன்று இல்லாமல் கிளம்பக் கூடாது. நீளமான சுருள் வயரைக் கொண்டுபோனால் அதை முழுதாக அவிழ்த்துவிட வேண்டும். சுருண்டபடியே மின்னோட்டம் கூடினால் உள்ளே சூடேறி உறை உருகும். மெல்லிய வயர் தொலைவில் வோல்ட்டை இழக்கும். ஒலிக்கு ஒரு வழி, விளக்குகளுக்கு வேறு வழி என்று பிரித்து எடுப்பது எப்போதும் நல்லது. மங்கல் சுவிட்ச்களும் மலிவான எல்.ஈ.டி. விளக்குகளும் பொதுவழியில் இரைச்சலைக் கொட்டுகின்றன.

மின்பிறப்பாக்கியில் இன்னொரு சிக்கல் உண்டு. சாதாரண மின்பிறப்பாக்கியின் அதிர்வெண் அதன் இயந்திர வேகத்தைப் பொறுத்தது. பெரும்பாலான சிறிய இயந்திரங்கள் நிமிடத்துக்கு 3,000 சுற்றில்தான் 50 ஹெர்ட்ஸ் தரும். விளக்குகள் ஒன்றாக எரியும்போது சுமை கூடி வேகம் தளரும், வோல்ட் விழும். அணையும்போது இரண்டும் துள்ளும். பழைய மின்மாற்றி வகை ஆம்புகள் இந்தத் தள்ளாட்டத்தில் திணறும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும்படி அமைந்த புதிய ஆம்புகள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் நம்பிவிடக் கூடாது. இன்வெர்ட்டர் வகை மின்பிறப்பாக்கி வாடகைக்குக் கிடைத்தால் ஒலிக்கு அதையே கேட்டு வாங்குவது சிறந்தது.

இரைச்சலுக்கும் பேஸுக்கும் இடையே கணக்கான ஓர் உறவு இருக்கிறது. 'ஈ' தந்தியின் மூன்றாம் கட்டில் அழுத்தினால் வரும் 'ஜி' சுரம் 49 ஹெர்ட்ஸ். திறந்த 'ஜி' தந்தி 98 ஹெர்ட்ஸ். மின்சார முனகல் 50 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸிலும் கேட்கும். ஜியை மூலமாகக் கொண்ட பாட்டில் முனகல் சுரத்தோடு உரசி நொடிக்கு ஒன்றோ இரண்டோ அலைகளாக ஏறியிறங்கும். வாசிப்பவர் சுருதி கலைந்துவிட்டதென்று நினைத்துத் தந்தியைத் திருகத் தொடங்குவார். 60 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள அமெரிக்காவில் முனகல் ஏ ஷார்ப்புக்கும் பீக்கும் நடுவே விழும். தெற்காசிய மேடையில் ஜி, ஜி ஷார்ப் பாடல்களுக்கு முன்பு எல்லாத் தந்திகளையும் உள்ளங்கையால் அடக்கிவிட்டு முனகல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது பயனுள்ள பழக்கம்.

முனகலைப் போக்கப் பிளக்கின் நிலமுனையை வெட்டியெறிவது இன்னமும் நடக்கிறது. இது உயிரோடு விளையாடுவது. ஆம்ப் ஒரு வழியிலும் மைக் இன்னொரு வழியிலும் இணைந்து, நிலத்தொடர்பு ஒன்றில் அறுந்திருந்தால், தந்தியைப் பிடித்த கைக்கும் மைக்கைத் தொட்ட உதட்டுக்கும் இடையே முழு வோல்ட்டும் பாயக்கூடும். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972இல் சுவான்சியில் மேடையிலேயே இப்படித்தான் மாண்டார். மழையில் நனைந்த புல்லின் மேல் போட்ட பலகை மேடையில் ஆபத்து இன்னும் அதிகம். கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பிலிருந்தே மேடைக்கு மின்சாரம் எடுக்க வேண்டும். மைக்கை உதட்டால் தொடும் முன் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். முனகலை நீக்கப் பாதுகாப்பான வழி அடுத்துச் சொல்லப்படும் டி.ஐ. பெட்டியில் இருக்கிறது.

டி.ஐ. பெட்டி

கையில் பணம் குறைவாக இருக்கும் பேஸ் வாசிப்பவர், கருவிக்கு அடுத்து முதலில் வாங்க வேண்டியது டி.ஐ. பெட்டி. கிட்டாரிலிருந்து வரும் பலவீனமான, இரைச்சலை எளிதில் வாங்கும் சைகையை நீண்ட வயரில் இரைச்சலின்றிப் பயணிக்கக்கூடிய சமச்சீர் சைகையாக இது மாற்றுகிறது. மின்மாற்றி உள்ள பெட்டியில் நிலத்தொடர்பை ஒலிவழியில் மட்டும் துண்டிக்கும் சிறு சுவிட்ச் இருக்கும். முனகலை அதைக்கொண்டு அகற்றலாம், பிளக்கின் நிலமுனை தன் இடத்திலேயே இருக்கட்டும். ஆக்டிவ் வகைக்குச் சவுண்ட் மேசையிலிருந்து வரும் 48 வோல்ட்டோ ஒரு பற்றரியோ வேண்டும்; பாஸிவ் வகைக்கு எதுவும் வேண்டாம். சவுண்ட்காரரின் மேசை எப்படிப்பட்டது என்று முன்கூட்டித் தெரியாத மேடைகளுக்குப் பற்றரியிலும் ஓடக்கூடியது உகந்தது.

ஆம்பின் தன்மையைப் போலி செய்யும் டி.ஐ. பெட்டிகளும் உண்டு. டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் இவற்றில் பெயர் பெற்றது. இத்தகைய பெட்டியொன்று இருந்தால் ஆம்பே இல்லாமலும் நிகழ்ச்சியை ஒப்பேற்றலாம். வழியில் ஆம்ப் பழுதானால் இரவைக் காப்பாற்றுவது இதுதான். ரிவர்ஸ்டன் உச்சியில் உயர்ந்து நிற்கும் தொலைத்தொடர்புக் கோபுரம் இன்னொன்றையும் நினைவூட்டுகிறது: வலுவான ஒலிபரப்பிகளுக்கு அருகே கவசமில்லாத கிட்டார் உள்வயரும் பற்றவைப்பு விட்ட ஜாக்கும் வானொலி அலைகளைப் பிடித்துப் பேசத் தொடங்கும். கருவியின் உட்குழியில் செப்புத்தாள் ஒட்டுவதும், குறுகிய நல்ல வயரும், கருவிக்கு அருகிலேயே டி.ஐ. பெட்டியை வைப்பதும் இதற்கு மருந்து.

மேசைக்குச் சைகையை அனுப்பும்போது ஆம்பின் ஒலித்திருத்தத்துக்கு முன்பிருந்தே எடுத்துக் கொடுக்க வேண்டும். தனக்குக் கேட்பதற்காக மேடையில் செய்யும் மாற்றங்கள் கூட்டத்தின் ஒலியைக் கெடுக்காமலிருக்க இதுவே வழி. கிட்டார் வயரும் ஸ்பீக்கர் வயரும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றது கூடாது. மெல்லிய கிட்டார் வயர் ஆம்பின் மின்னோட்டத்தில் சூடேறி ஆம்பையே எரிக்கும். வண்ண நாடா சுற்றி அடையாளமிட்டால் இருட்டில் குழப்பம் வராது.

ஆம்பும் பெட்டியும்

ஆம்பெக் நிறுவனம் 1969இல் வெளியிட்ட எஸ்.வி.டி. 300 வாட் வால்வு ஆம்ப். பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட பெட்டியோடு அது ராக் மேடைகளை ஆண்டது. அந்தத் தலைப்பகுதி மட்டுமே 35 கிலோவுக்கு மேல். கொண்டையூசி வளைவுகளில் ஏறும் வானுக்கும் விடுதிப் படிக்கட்டில் தூக்கிச் செல்லும் இருவரின் முதுகுக்கும் அது ஒத்துவராது. டி வகுப்புச் சுற்றமைப்பில் இன்று 500 வாட் தரும் தலைப்பகுதி இரண்டு மூன்று கிலோவில் கிடைக்கிறது; நியோடிமியம் காந்தமுள்ள ஸ்பீக்கர் பெட்டி பதினைந்து கிலோ அளவில் வருகிறது. மலைப்பாதைக்கு இந்த மாற்றம் பெரிய வரம்.

வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. வலுவை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபெல், அதாவது காதுக்குச் சற்றே கூடுதல். 97 டெசிபெல் உணர்திறனுள்ள பெட்டியோடு 250 வாட் தருவதும், 94 டெசிபெல் பெட்டியோடு 500 வாட் தருவதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆம்பைவிட நல்ல பெட்டிக்குப் பணம் கொடுப்பது பலனளிக்கும். தடையளவையும் கவனிக்க வேண்டும்: எட்டு ஓம் பெட்டிகள் இரண்டை இணைத்தால் நான்கு ஓம், நான்கு ஓம் பெட்டிகள் இரண்டை இணைத்தால் இரண்டு ஓம். பல ஆம்புகள் நான்குக்குக் கீழே இறங்கத் தாங்காது.

பலகை மேடை ஒரு பெரிய மத்தளத்தைப் போன்றது. அதன் மேல் நேரடியாக வைத்த பேஸ் பெட்டி பலகையையும் சேர்த்து ஒலிக்கச் செய்து, ஒரு சுரம் மட்டும் 'பொம்' என்று வீங்க, மற்றவை கரைந்துபோகும். பெட்டிக்கடியில் தடித்த நுரைப்பஞ்சுத் துண்டோ பழைய டயர்த் துண்டோ கொடுத்தால் பலகைக்கு அதிர்வு கடத்தப்படுவது குறையும். பெட்டியைச் சற்றுச் சாய்த்தோ ஒரு நாற்காலி உயரத்தில் வைத்தோ வாசிப்பவரின் காதுக்குத் திருப்பினால் குறைந்த ஒலியிலேயே தெளிவாகக் கேட்கும். முழங்கால் உயரத்தில் ஒலிக்கும் பெட்டியைக் காதால் கேட்க முடியாமல் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது அநேகமான மேடைச் சண்டைகளின் தொடக்கம்.

திறந்தவெளியில் ஒலி

மண்டபச் சுவர்கள் தாழ்ந்த ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்பி அதைப் பெருக்குகின்றன. வெளியில் அந்த உதவி இல்லை. தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறைகிறது. மண்டபத்தில் நிறைவாக ஒலித்த அமைப்பு மைதானத்தில் மெலிந்து கேட்பது இயல்பு. உடனே எல்லாரும் பேஸ் குமிழை வலப்பக்கம் முழுதாகத் திருப்புகிறார்கள். அங்குதான் தவறு நேர்கிறது. 40, 50 ஹெர்ட்ஸ் பகுதியை ஏற்றினால் ஆம்பின் வலுவும் ஸ்பீக்கர் கூம்பின் அசைவும் அங்கேயே தீர்ந்துபோகும். கூட்டத்துக்குக் கேட்பதோ அதில் சொற்பம். 35 அல்லது 40 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வடிகட்டி வெட்டிவிட்டால் ஆம்ப் மூச்சுவிட்டு, மிச்சமுள்ள பகுதிக்கு வலு கிடைக்கும்.

காது தாழ்சுரத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் மேல்மடங்குகளைக் கொண்டுதான். மூல அதிர்வெண் ஒலிக்காவிட்டாலும் 80, 120, 160 ஹெர்ட்ஸ் மடங்குகள் இருந்தால் மூளை 40 ஹெர்ட்ஸைத் தானே நிரப்பிக்கொள்கிறது. கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் மெட்டு ஓரளவு புரிவதும் இதனால்தான். வெளிமேடையில் உழைக்க வேண்டிய பகுதி 80 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை. சுரத்தின் விளிம்பைத் தெரியவைப்பது 700 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரை. வீட்டில் தனியாக வாசிக்கும்போது இந்த நடுப்பகுதி முரட்டுத்தனமாகத் தோன்றும். டிரம்ஸ், கீபோர்ட், லீட் கிட்டார் அனைத்தும் சேர்ந்த பின் அதுவே பேஸை அடையாளம் காட்டுகிறது. வீட்டில் அழகாக ஒலித்த அமைப்பை அப்படியே மேடைக்குக் கொண்டுபோவதால்தான் பல நல்ல வாசிப்புகள் கூட்டத்தை எட்டாமல் போகின்றன.

டிரம்ஸின் கிக் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கிறது. பேஸும் கிக்கும் ஒரே இடத்துக்கு மோதினால் இரண்டும் குழம்பும். கிக்குக்கு 60ஐ விட்டுக்கொடுத்து பேஸை 100ஐ ஒட்டி நிறுத்துவது ஒரு வழி. பழைய மெல்லிசைக்கு இதைத் தலைகீழாகச் செய்வதும் உண்டு. கீபோர்ட் வாசிப்பவரின் இடக்கை பேஸ் எல்லைக்குள் இறங்கி அதே சுரங்களை வாசித்தால் எந்தக் குமிழும் உதவாது. ஒத்திகையில் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் அது. சுரங்களின் ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யும் கம்ப்ரஸரை மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று அளவில் மிதமாக வைத்தால் போதும்; மீறினால் பைலாவின் துள்ளல் செத்துவிடும்.

காற்று வேறொரு விதத்தில் குறுக்கிடுகிறது. கணவாய்க் காற்று ஒலியலையை வளைக்கும். உயர்ந்த அதிர்வெண்களில் இந்தத் தாக்கம் கூடுதல். வீச்சுக்கு வீச்சு பாடகரின் குரலும் சிம்பலும் அலைந்து மறைய, பேஸ் மட்டும் அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் கூட்டத்துக்குப் பாட்டின் நடையைக் காட்டுவது பேஸ் ஒன்றே என்பதால், காற்றடிக்கும் இரவில் எளிமையாகவும் தாளம் பிசகாமலும் வாசிப்பது மற்ற அனைவருக்கும் செய்யும் உதவி. மைக்குகளுக்கு நுரைக்கவசமும், மேசையில் குரல் வழிகளுக்குத் தாழ்ந்த ஒலியை வெட்டும் வடிகட்டியும் போடச் சொன்னால் காற்றின் உறுமல் பேஸின் இடத்தை அடைக்காது.

எவ்வளவு ஒலி, எதுவரை

தாழ்ந்த ஒலி சுவரையும் மரங்களையும் கடந்து நெடுந்தூரம் போகும். நள்ளிரவில் பக்கத்து லயத்தில் உறங்கும் குழந்தைக்குக் கேட்பது குரலல்ல, பேஸும் கிக்கும்தான். இலங்கையின் உயர் நீதிமன்றம் 2007இல் ஒலி மாசு பற்றி வழங்கிய தீர்ப்பு, இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே ஒலிபெருக்கிப் பாவனையைக் கட்டுப்படுத்தும் வழிகாட்டலைத் தந்தது. அனுமதிப் பத்திரத்தில் உள்ள நேரத்தையும் எல்லையையும் ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டு பாட்டுப்பட்டியலை அமைப்பது குழுவின் கடமை. நக்கிள்ஸ் காட்டு விளிம்பில் உள்ள விடுதிகளில் சப்வூஃபர்களைக் காட்டுக்கு முதுகு காட்டி வைப்பதால் மட்டும் தாழ்ந்த ஒலி நிற்காது. அங்கே ஒலியைக் குறைப்பதைத் தவிர வேறு தீர்வில்லை. ஆம்ப் இல்லாத கிட்டாரும் ரபானும் போதுமான இடங்கள் அவை.

வாசிப்பவரின் காதும் கணக்கில் வர வேண்டும். அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனமான நியோஷின் அளவுகோலில் 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி நேரம், 100இல் பதினைந்து நிமிடம். சிம்பலுக்கு ஓரடி தள்ளி நான்கு மணி நேரம் நிற்கும் பேஸ் வாசிப்பவர் இந்த எல்லையை முதல் சில பாட்டுகளிலேயே தாண்டிவிடுவார். எல்லா அதிர்வெண்களையும் சமமாகக் குறைக்கும் இசைக்கலைஞர் காதடைப்பான்களின் விலை ஒரு நல்ல தந்தித் தொகுதியை விட அதிகமில்லை. இழந்த செவித்திறன் திரும்புவதில்லை.

ஏற்றுவதும் இறக்குவதும்

நான்கு கிலோ கருவியை ஓர் இரவு முழுக்கத் தோளில் சுமக்க மூன்று அங்குல அகல வாரும், அது கழன்று விழாமலிருக்கப் பூட்டும் வேண்டும். மழைக்கு உறையின் மேல் போட ஒரு தறப்பாள் துண்டு, ஆம்புக்கு ஒரு தடித்த பிளாஸ்டிக் பை, உறைக்குள் சிலிக்கா பொட்டலங்கள். உதிரிகளாக இரண்டு கிட்டார் வயர், ஒரு ஸ்பீக்கர் வயர், பியூஸ், ஒரு தொகுதித் தந்தி, சிறு டோர்ச், திருகாணிச் சாவி, நாடா. இவை ஒரு சிறு பையில் அடங்கும். அந்தப் பை வானில் கடைசியாக ஏறி முதலில் இறங்க வேண்டும். ஆம்பை வானின் அடியில் படுக்க வைத்து, அசையாமல் கட்டி, ஸ்பீக்கர் கூம்புகள் உள்ள பக்கம் எதுவும் முட்டாதபடி அடுக்கினால் வளைவுகளில் சேதம் வராது.

நிகழ்ச்சி முடிந்ததும் முதலில் ஒலியை இறக்கி, பிறகு ஆம்பை அணைத்து, அதன் பின்னரே வயர்களைக் கழற்ற வேண்டும். வரிசை மாறினால் மேசையின் ஸ்பீக்கர்கள் 'டப்' என்ற அடியை வாங்கும். வயர்களை முழங்கையில் இறுக்கிச் சுற்றாமல் அவற்றின் இயல்பான வளைவில் பெரிய வளையங்களாகச் சுருட்டினால் உட்கம்பிகள் நெடுநாள் அறுந்துபோகாது. மூடுபனியில் வாசித்த கருவியை உறையில் பூட்டியபடி மறுநாள்வரை விட்டுவிடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் திறந்து, தந்தியையும் பிக்கப் விளிம்பையும் துடைத்து, உறையைத் தனியாகத் திறந்து வைத்து உலர்த்த வேண்டும். ஆம்பின் காற்றுத் துவாரங்களை நிழலில் உலரவிட்டு, முழுதாகக் காய்ந்த பின்னரே அடுத்த தடவை மின்சாரம் கொடுக்க வேண்டும்.